ஓடுவதா, விடுவதா?



கடந்த சில மாதங்களாக நான் செல்லும் மாதர் சங்கக் கூட்டங்களில், கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் வேளையில், ஒரே கேள்வி வெவ்வேறு வாய்களில் இருந்து வருகின்றது. "அக்கா, ஸ்கூட்டியை வித்துப்போடவோ, வைச்சிருக்கவோ?" கேட்பவர்களில் கணவனை இழந்தவர்கள் இருக்கிறார்கள். கணவன் காணாமல் ஆக்கப்பட்டு, இன்றுவரை பதில் கிடைக்காமல் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கணவன் காயத்துடன் வீட்டில் இருக்க, தாமே குடும்பத்தைச் சுமப்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களை வீதிக்குக் கொண்டுவந்தது பிழைப்பு. வீதியில் இருந்து திருப்பி அனுப்பப் பார்ப்பது பயம். ஊரில் ஒரு விபத்து நடந்துவிட்டால், அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் அந்தப் பேச்சுத்தான். தம்பி "வில்" என்கிறான். அம்மா அழுகிறா. பிள்ளை ஒன்றும் பேசாமல் பார்க்கிறது.

நானும் பன்னிரண்டு வருடங்களாக மோட்டார் சைக்கிள் ஓடுகின்றேன். எனது வேலை வீடு வீடாகச் செல்வது. ஆகவே இக்கேள்வி எனக்கும் உரியது. இந்த மாதம் இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பயம் நியாயமானது. எங்கள் நாட்டில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் இறக்கின்றனர். அவர்களில் பெரும் பங்கினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களும் வீதியால் நடந்து சென்றவர்களும்தான். காரில் இருப்பவரைச் சுற்றி ஒரு இரும்புக்கூடு இருக்கின்றது. எங்களைச் சுற்றி இருப்பது சட்டையும் சேலையும் மட்டுமே. நான் சமூகவியல் படித்த காலத்தில் உல்ரிச் பெக் என்ற ஜெர்மானிய அறிஞர் 1986 இல் எழுதிய நூலைப் பற்றிப் படிப்பித்தார்கள். செல்வம் மேலே போய்ச் சேர்கின்றது, ஆபத்து கீழே வந்து சேர்கின்றது என்பது அதிலுள்ள ஒரு முக்கியமான கருத்து. அன்று பரீட்சைக்காகப் பாடமாக்கியதை இன்று வீதியில் ஒவ்வொரு நாளும் காண்கின்றேன்.

எங்கள் ஏ35 வீதியையே எடுத்துக்கொள்ளுங்கள். பரந்தனில் இருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்குச் செல்லும் இந்த வீதியை 2009 இன் முற்பகுதியில் எங்களில் எத்தனையோ பேர் நடந்தும், உழவு இயந்திரத்திலும், ஒரு மோட்டார் சைக்கிளில் நான்கு பேராகவும் கடந்தோம். கடைசியில் வட்டுவாகலைத் தாண்டும்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோம். பின்னர் அந்தப் பக்கம் போனவர்கள், துருப்பிடித்துக் குவிந்து கிடந்த சைக்கிள்களையும் மோட்டார் சைக்கிள்களையும் கண்டிருப்பீர்கள். அன்று குண்டும் குழியுமாகக் கிடந்த வீதி இன்று காப்பெற் வீதி. வீதி நல்லதாகிவிட்டது, வேகமும் கூடிவிட்டது. மணல் ஏற்றிய டிப்பர் ஒருபக்கம், நேரத்துக்கு ஓடும் பஸ் மறுபக்கம். அறுவடைக் காலத்தில் வீதியின் அரைவாசியில் நெல் காயும். பொழுது பட்டால் மாடுகள் தார் வீதியில் வந்து படுக்கும். உட்கிராமங்களில் யானைப் பயமும் உண்டு. மாட்டுக்கும் நெல்லுக்கும் டிப்பருக்கும் நடுவில் எஞ்சிய ஒரு முழ அகலத்தில்தான் நாங்கள் ஓடுகின்றோம்.

இன்னொன்றையும் மனம்விட்டுப் பேச வேண்டும். எங்கள் சனத்திடம் ஒரு பேச்சு உண்டு. "ஷெல்லுக்கே தப்பின நாங்கள், உதுக்கே பயப்பிடப் போறம்? விதி எண்டால் வீட்டுக்குள்ள இருந்தாலும் வரும்." இதைச் சொல்லும் சகோதரிகளின் துணிவை நான் மதிக்கின்றேன். அந்தத் துணிவு இல்லாமல் எங்களில் பலர் இன்று உயிரோடு இருந்திருக்க மாட்டோம். ஆனால் இந்தப் பேச்சுக்குள் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கின்றது. ஷெல் எங்கே விழும் என்பதை நாங்கள் தீர்மானிக்கவில்லை. பதுங்குகுழிக்குள் இருந்தவரும் இறந்தார், வெளியே நின்றவரும் தப்பினார். அந்த அனுபவம், எதுவும் எங்கள் கையில் இல்லை என்று எங்களுக்குப் படிப்பித்துவிட்டது. வீதி அப்படியானதல்ல. அதில் ஒரு பங்கு எங்கள் கையில் இருக்கின்றது. தலைக்கவசத்தைச் சரியாக அணிந்தால் இறக்கும் ஆபத்து ஏறத்தாழ 40 வீதமும், தலையில் காயப்படும் ஆபத்து ஏறத்தாழ 70 வீதமும் குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. விதிக்குள் இவ்வளவு பெரிய பங்கை நாங்கள் மாற்றலாம் என்றால், அதை மாற்றாமல் விதி என்று சொல்லலாமா?

அப்படியானால் பேசாமல் விற்றுவிடுவதுதான் நல்லதோ? அதற்கு முன் ஓடாமல் இருப்பதன் விலையையும் கணக்கெடுக்க வேண்டும். 2022 இல் பெற்றோல் இல்லாமற் போனபோது அதை எல்லோரும் கண்டோம். கியூ.ஆர். அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் கிடைத்த காலம் அது. பலர் பழையபடி லுமாலா சைக்கிளைத் துடைத்து எடுத்தோம். 1990களில் பெற்றோல் தடையின்போது அம்மாமார் உழக்கியதைப் போல நாங்களும் உழக்கினோம். கிட்டிய தூரத்துக்கு அது போதும். ஆனால் பதினைந்து கிலோமீற்றருக்கு அப்பால் கிளினிக் உள்ளவள் கிளினிக்கைத் தவறவிட்டாள். சந்தைக்கு மரக்கறி கொண்டுபோனவள் வீட்டு வாசலில் வந்து கேட்ட வியாபாரிக்கு, அவன் சொன்ன விலைக்குக் கொடுத்தாள்.

எனக்கு அது தனியாகவும் தெரிய வந்தது. 2023 இல் ஒரு மாலை நேரம், விசுவமடுவுக்கும் உடையார்கட்டுக்கும் இடையில், பற்றைக்குள் இருந்து ஒரு மாடு பாய்ந்தது. வேகம் முப்பதைத் தாண்டியிருக்கவில்லை. ஆனாலும் விழுந்தேன். இடது காறை எலும்பு முறிந்தது. தலைக்கவசம் வெடித்தது, தலை தப்பியது. 1990 இலக்கத்துக்கு யாரோ அழைத்திருந்தார்கள், அம்புலன்ஸ் வந்தது. ஆறு கிழமை வண்டி தொடவில்லை. அந்த ஆறு கிழமையும் நான் பார்க்கப் போகாத வீடுகள் இருந்தன. பஸ் போகாத ஒரு குடியிருப்பில், கணவனிடம் அடி வாங்கும் ஒரு தங்கை இருந்தாள். புதன்கிழமைகளில் நான் வருவேன் என்று அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். புதன்கிழமை நான் வராமல் விட்டது அவனுக்குத்தான் முதலில் விளங்கியது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத விரும்பவில்லை. ஓடுவதில் ஆபத்து உண்டு, ஓடாமல் விடுவதிலும் ஆபத்து உண்டு. பின்னையது பொலிஸ் கணக்கில் வருவதில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஊர்ப்பேச்சையும் தவிர்க்க முடியாது. ஒரு ஆண் விழுந்தால் வீதியைத் திட்டுவார்கள், டிப்பர்காரனைத் திட்டுவார்கள். ஒரு பெண் விழுந்தால், "அவளுக்கு அந்த நேரம் அங்கை என்ன வேலை?" என்று கேட்பார்கள். கணவன் இல்லாத பெண் என்றால் அந்தக் கேள்வி இன்னும் நீளும். இந்தக் கேள்விக்குப் பயந்து யாரும் வண்டியை விற்க வேண்டாம். விற்றால் அவர்களின் பேச்சு நிற்காது, அடுத்ததாக எங்கள் கைபேசியைப் பற்றிப் பேசுவார்கள். ஆனால் அம்மா அழுவது வேறு. அது ஊர்ப்பேச்சல்ல. அண்ணாவை 2009 இல் இழந்த என் அம்மாவுக்கு நான் ஒருத்திதான் மிச்சம். "பிள்ளை, எனக்கு இன்னொருக்கா ஏலாது" என்று அவ சொன்னபோது, புள்ளிவிபரம் எதையும் நான் அவவுக்குச் சொல்லவில்லை. அன்பில் இருந்து வரும் பயத்தையும் அதிகாரத்தில் இருந்து வரும் தடையையும் நாங்கள் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். முதலாவதற்குப் பதில் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.

இனி முடிவெடுக்கும் வழிக்கு வருவோம். "ஓடுவதா, விடுவதா?" என்று மொத்தமாகக் கேட்டால் பயம்தான் பதில் சொல்லும். "எந்தப் பயணம்?" என்று கேளுங்கள். ஒரு தாளை எடுத்து ஒரு கிழமையில் போகும் ஒவ்வொரு பயணத்தையும் எழுதுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, எந்த வீதியால், யாரை ஏற்றிக்கொண்டு, எதற்காக. பிறகு ஒவ்வொன்றாகப் பாருங்கள். வேறு வழியால் செய்யக்கூடியது எது? நேரத்தை மாற்றக்கூடியது எது? விட்டால் சோறு இல்லாமற் போவது எது?

ஒரு சகோதரி அப்படிச் செய்து பார்த்தா. அவவுடைய பெயரும் ஊரும் வேண்டாம். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறா. விடிய நாலரைக்கு, இருட்டுக்குள், பிரதான வீதியால் ஓடுவா. தம்பி வண்டியை விற்கச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றான். தாளில் எழுதிப் பார்த்தபோது பதினாறு பயணங்கள் இருந்தன. அவற்றில் உண்மையான பயம் ஒன்றில்தான், அந்த நாலரை மணிப் பயணத்தில்தான், இருந்தது. கடைக்காரருடன் பேசினா. இருவர் ஆறு மணிக்கு ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை, அந்தக் கடை போய்விட்டது. இப்போது வெளிச்சம் வந்த பிறகு, வாய்க்கால் கரை வீதியால் போகிறா. வருமானம் கொஞ்சம் குறைந்தது, வண்டி மிஞ்சியது. தம்பியும் இப்போது பேசாமல் இருக்கிறான்.

எல்லோருக்கும் பதில் இப்படி வராது. சிலர் ஓடக் கூடாது, அதையும் சொல்ல வேண்டும். போரில் தலைக்காயப்பட்டு இடையிடையே வலிப்பு வருபவர் ஓடக் கூடாது. இரவில் நித்திரைக்கு மாத்திரை எடுப்பவர்கள், காலையில் தூக்கக் கலக்கம் இருக்குமா, எத்தனை மணிக்குப் பின் ஓடலாம் என்று கிளினிக்கில் வெட்கப்படாமல் கேளுங்கள். கையில் சன்னமோ ஷெல் துண்டோ இருந்து பிடி தளர்கின்றதா, ஒரு காது கேட்காமல் இருக்கின்றதா, இவற்றையும் அனுமதிப்பத்திரத்துக்கான மருத்துவப் பரிசோதனையில் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்துப் பெறும் துண்டு எங்களைக் காப்பாற்றாது. நினைவுநாட்களிலும், நித்திரையில்லாமல் அழுது முடித்த மறுநாளிலும் வண்டியைத் தொடாமல் விடுவது நல்லது. மனம் வேறிடத்தில் நிற்கும்போது கண் வீதியைப் பார்க்காது.

வலிப்பு உள்ள ஒரு சகோதரி சென்ற வருடம் தன் ஸ்கூட்டியை விற்றா. அந்தக் காசில் ஒரு தையல் மெசின் வாங்கினா. தைத்ததை அயலவர் ஒருவர் கொண்டுபோய்க் கொடுக்கிறார், அதற்கு ஒரு பங்கு கொடுக்கிறா. "தோத்துப் போனன் அக்கா" என்று என்னிடம் சொன்னா. தோற்கவில்லை. கணக்குப் பார்த்து முடிவெடுப்பவர் யாரும் தோற்றவர் இல்லை.

ஓடுவது என்று முடிவெடுத்தவர்களுக்குச் சில விடயங்கள். உங்களுக்குத் தெரிந்தவைதான், தெரிந்தும் விடுபவை.

தலைக்கவசம் பொலிசாருக்காக அல்ல. நாடிப் பட்டியைப் பூட்டாவிட்டால் விழும்போது தலைக்கு முன் அது பறந்துவிடும். எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ளதாக வாங்குங்கள். ஒரு முறை பலமாக அடிபட்டதை மீண்டும் அணிய வேண்டாம், வெளியே தெரியாமல் உள்ளே உடைந்திருக்கும். பின்னால் இருக்கும் பிள்ளைக்கும் அதன் தலைக்கு அளவான ஒன்று வேண்டும். முன்னால் ஒரு பிள்ளை நிற்க, பின்னால் ஒரு பிள்ளை இருக்க, நடுவில் மரக்கறிப் பையுடன் போவதை ஒவ்வொரு நாளும் காண்கின்றேன். பின்னால் ஒருவரை மட்டுமே ஏற்றலாம் என்பது சட்டம். இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு தடவை போவது நல்லது, அல்லது அயலில் உள்ள தாயுடன் முறை வைத்துக்கொள்ளலாம்.

வேகத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. 40 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனில் 11 மீற்றர் போகிறோம். 60 இல் ஏறத்தாழ 17 மீற்றர். மாட்டைக் கண் கண்டு, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு செக்கனாவது வேண்டும். அதுவரை வண்டி அதே வேகத்தில்தான் போகும். 40 இல் மோதுவதை விட 60 இல் மோதும்போது அடியின் பலம் இரண்டு மடங்குக்கும் மேல். பத்துக் கிலோமீற்றர் போவதற்கு 60 இல் பத்து நிமிடம், 40 இல் பதினைந்து நிமிடம். ஐந்து நிமிடம் முந்தி வெளிக்கிட்டால் போதும்.

சேலைத் தலைப்பையும் சாலையும் இடுப்பில் சுற்றிக் கட்டுங்கள். சில்லுக்குள் சிக்கினால் கழுத்தோடு இழுத்து விழுத்தும். தங்கச் சங்கிலியை வீட்டில் வையுங்கள். அறுக்க வருபவன் சங்கிலியை மட்டும் இழுப்பதில்லை, ஆளையும் வண்டியையும் சேர்த்துத்தான் விழுத்துகிறான். மணலிலும் காயும் நெல்லிலும் முன் பிரேக்கைத் திடீரென இறுக்க வேண்டாம். ரயர் தேய்ந்ததை மழைக்கு முன் மாற்றுங்கள்.

பத்திரங்களையும் பாருங்கள். ஏ1 வகுப்பு அனுமதிப்பத்திரம் 100 சீசீ வரையான இலகு மோட்டார் சைக்கிளுக்கு மட்டுமே. இன்று எங்கள் பெண்கள் ஓடும் ஸ்கூட்டிகளில் பல அதற்கு மேற்பட்டவை, அவற்றுக்கு ஏ வகுப்பு வேண்டும். உரிய அனுமதிப்பத்திரம் இல்லாவிட்டால் விபத்தின்போது காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கலாம். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மற்றவருக்கு நேரும் பாதிப்புக்கானது. உங்கள் வண்டிக்கும் உங்கள் காலுக்கும் அதில் எதுவும் வராது. லீசிங்கில் எடுத்தவர்கள், நீங்கள் படுக்கையில் இருக்கும் மாதத்திலும் தவணை வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக, தனித்துப் பிள்ளை வளர்க்கும் சகோதரிகளிடம் ஒரு கேள்வி. "நான் இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தால் பிள்ளைகள் ஆரிட்டை?" இந்தக் கேள்வியைக் கேட்கவே எங்களுக்கு நெஞ்சு நடுங்கும். ஏனென்றால் 2009 இல் இதே கேள்விக்குப் பதில் இல்லாமல் எத்தனையோ பிள்ளைகள் தனித்தார்கள். அதனால்தான் இப்போது, சுகமாக இருக்கும்போதே, பதில் எழுதி வைக்க வேண்டும். பிள்ளைகளைப் பொறுப்பெடுக்கும் ஒருவரின் பெயர், அவரின் தொலைபேசி இலக்கம், உங்கள் இரத்த வகை, எடுக்கும் மருந்து, பத்திரங்கள் இருக்கும் இடம். ஒரு பிரதி அலுமாரியில், ஒரு பிரதி அவரிடம், ஒரு சிறு துண்டு வண்டியின் இருக்கைக்குக் கீழே. 1990 அம்புலன்ஸ் இலவசம் என்பதையும் அந்த இலக்கத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். இதை எழுதி முடித்த ஒரு சகோதரி, "இனித்தான் அக்கா பயமில்லாமல் ஓடுறன்" என்றா. பயமில்லாமல் ஓட வேண்டாம் என்றேன், ஆயத்தத்துடன் ஓடுங்கள்.

என் முடிவைச் சொல்லாமல் விட்டால் சரியாகாது. நான் ஓடுகின்றேன். பொழுதுபட்டால் ஓடுவதில்லை. ஆறு மணிக்குள் வீடு திரும்ப முடியாத இடம் என்றால், அந்த ஊரில் தங்கிக் காலையில் வருகின்றேன். போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்கு ஒரு மணி அடித்து விடுகின்றேன். மாரிகாலத்தில் தூரப் பயணங்களுக்குப் பஸ். அம்மா முழுதாகச் சம்மதிக்கவில்லை, ஆனால் தலைக்கவசத்தை இப்போது அவவே எடுத்துத் தருகிறா. ஆபத்து இல்லாமற் போகவில்லை. எதற்காக அதை ஏற்கின்றேன் என்பது எனக்குத் தெரிகின்றது, அவ்வளவுதான்.

ஒரு பெண் தனியே தாளில் எழுதித் தீர்க்க முடியாதவையும் உண்டு. பாடசாலை நேரத்தில் டிப்பர் ஓடுவதும், இரவில் கட்டாக்காலி மாடுகள் வீதியில் படுப்பதும், சந்திகளில் விளக்கு இல்லாததும், மாலை ஐந்து மணிக்குப் பின் பஸ் இல்லாததும் உங்கள் தனிப்பட்ட விதி அல்ல. அவை பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் பொலிசாருக்கும் எழுத வேண்டிய விடயங்கள். ஒருவர் எழுதினால் முறைப்பாடு, நாற்பது பேர் கையெழுத்திட்டால் அதைக் கூட்டத்தில் எடுத்துப் பேசத்தான் வேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்தில் உங்கள் ஊரில் எந்த வீதி, எந்த நேரம், என்ன ஆபத்து என்று எழுதுங்கள். ஒரு பிரதியை எங்களுக்கும் அனுப்புங்கள். கடிதம் எழுத உதவி தேவைப்படுபவர்கள் எங்கள் வெளிக்கள உத்தியோகத்தரிடம் கேட்கலாம். பகலில், வெளிச்சத்தில், நாங்களே வருவோம்.